கொடிகள் மாறின, குறி மாறவில்லை

1992 ஒலிம்பிக்கைத் தன் ஊரில் நடத்தவே பெல்கிரேடு ஆசைப்பட்டது. 1986 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஓட்டெடுப்பு நடத்தியபோது பார்சிலோனா, பாரிஸ், பிரிஸ்பேன், பர்மிங்ஹாம், ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களோடு பெல்கிரேடும் வரிசையில் நின்றது. முதல் சுற்றில் 13 ஓட்டு கிடைத்தது. மூன்றாவது சுற்றில் அது ஐந்தாகச் சுருங்கியது. பார்சிலோனா ஜெயித்தது. பெல்கிரேடு மனம் தளராமல் 1996 போட்டிக்கும் மனு போட்டது. 1990 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த ஓட்டெடுப்பில் 7 ஓட்டு வாங்கி முதல் சுற்றிலேயே வெளியேறியது.

இரண்டு வருடம் கழித்து, 1992 ஜூலையில், அதே பெல்கிரேடிலிருந்து ஒரு சிறு கூட்டம் பார்சிலோனாவில் போய் இறங்கியது. அவர்களிடம் கொடி இல்லை. தேசிய கீதம் இல்லை. ஸ்கோர் பலகையில் எழுத நாட்டின் பெயர்கூட இல்லை. 'சுதந்திர ஒலிம்பிக் பங்கேற்பாளர்கள்' என்று ஒரு பெயர் அவர்களுக்குச் சூட்டப்பட்டிருந்தது. கல்யாணத்தைத் தன் வீட்டில் நடத்த நினைத்தவன், அடுத்தவன் வீட்டுப் பந்தியில் கடைசி இலைக்குக் காத்து நின்ற கதை.

காரணம் ரகசியமல்ல. யூகோஸ்லாவியா என்ற கூட்டு நாடு 1991ல் உடையத் தொடங்கியது. ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் பிரிந்தன. டான்யூப் நதிக்கரையிலுள்ள வுகோவர் நகரத்தை யூகோஸ்லாவிய ராணுவமும் செர்பியப் படைகளும் சுமார் மூன்று மாதம் முற்றுகையிட்டுத் தரைமட்டமாக்கின. 1992 ஏப்ரலில் போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ முற்றுகைக்குள்ளானது. மே 30ந் தேதி ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 757ம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. செர்பியாவும் மாண்டினீக்ரோவும் மட்டுமே மிஞ்சியிருந்த 'புதிய' யூகோஸ்லாவியா மீது வர்த்தகத் தடை, விமானத் தடை என்று பல தடைகள். அவற்றின் நடுவே விளையாட்டுக்கும் ஒரு வரி இருந்தது: அந்த நாட்டின் பிரதிநிதியாக யாரும் போட்டிகளில் பங்கேற்கக் கூடாது.

முதல் அடி கால்பந்துக்கு. ஸ்வீடனில் நடக்கவிருந்த ஐரோப்பியக் கோப்பையிலிருந்து யூகோஸ்லாவியா நீக்கப்பட்டது. கடைசி நேரத்தில் அந்த இடத்துக்கு அழைக்கப்பட்ட டென்மார்க், கோப்பையையே தட்டிக்கொண்டு போனது. ஒலிம்பிக்குக்குச் சில நாட்களே இருந்தபோது ஒரு சமரசம் எட்டப்பட்டது. தனி நபர்கள் வரலாம். அணிகள் வரக் கூடாது. வருகிறவர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ் போட்டியிட வேண்டும். ஜெயித்தால் ஒலிம்பிக் கீதம்தான் ஒலிக்கும்.

ஒரு பெண் தனியாக நின்று துப்பாக்கி சுட்டால் அது அவர் திறமை. பன்னிரண்டு பேர் சேர்ந்து பந்தைக் கூடையில் போட்டால் அது தேசம். சமரசத்தின் தர்க்கம் இவ்வளவுதான். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார், கொடுக்காமல் தப்பியவர்கள் யார் என்ற கேள்விக்கு முப்பது வருடங்களுக்குப் பிறகும் தெளிவான பதில் இல்லை.

அந்தக் கொடியில்லாத கூட்டம் பார்சிலோனாவில் மூன்று பதக்கம் வாங்கியது. மூன்றுமே துப்பாக்கி சுடுதலில். அராங்கா பிண்டர் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம். ஸ்டெவன் பிளெட்டிகோசிச் 50 மீட்டர் ரைபிளில், படுத்துக்கொண்டு சுடும் பிரிவில் வெண்கலம். யாஸ்னா ஷெகாரிச் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளி. அதே பார்சிலோனாவிலிருந்து முறையான கொடியும் கீதமும் கொண்ட இந்தியா வெறுங்கையோடு திரும்பியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூவரில் யாஸ்னா ஷெகாரிச்சின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. 1965ல் பெல்கிரேடில் பிறந்தவர். வளர்ந்தது இப்போது குரோஷியாவில் இருக்கும் ஓசியெக்கில். வுகோவருக்குப் பக்கத்திலுள்ள ஊர் அது. 1991ல் யூகோஸ்லாவிய ராணுவத்தின் பீரங்கிகள் அந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஏர் பிஸ்டலில் தங்கமும், 25 மீட்டர் பிஸ்டலில் வெண்கலமும் வாங்கியபோது அவர் சட்டையில் இருந்தது சிவப்பு நட்சத்திரம் பொறித்த பழைய யூகோஸ்லாவியாவின் கொடி. 1992ல் ஒலிம்பிக் வளையங்கள். 1996லும் 2000லும் நட்சத்திரம் இல்லாத யூகோஸ்லாவியா. 2004ல் செர்பியா-மாண்டினீக்ரோ. 2008லும் 2012லும் வெறும் செர்பியா. ஏழு ஒலிம்பிக், ஐந்து பெயர்கள், நான்கு கொடிகள்.

பார்சிலோனாவில் முதலிடத்தில் அவரும் மரீனா லோக்வினென்கோவும் ஒரே புள்ளியில் நின்றார்கள். தங்கம் மரீனாவுக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், அந்த மரீனாவுக்கும் அப்போது நாடு இல்லை. உடைந்துபோன சோவியத் யூனியனின் மிச்சமாக 'ஒருங்கிணைந்த அணி' என்ற பெயரில் வந்திருந்தார். காணாமல் போன இரண்டு தேசங்களின் பெண்கள் முதல் இரண்டு படிகளில் ஏறி நின்றார்கள். சிட்னியில் ஷெகாரிச்சுக்கு மறுபடி வெள்ளி. ஏதென்ஸில் உக்ரைனின் ஒலெனா கோஸ்டெவிச்சோடு மறுபடி சமநிலை. கூடுதலாகச் சுட்ட குண்டில் மறுபடி வெள்ளி. நாடு எத்தனை முறை பெயர் மாற்றினாலும் பத்து மீட்டர் தூரம் மாறவில்லை, நடுப்புள்ளி நகரவில்லை. துப்பாக்கி சுடுகிறவருக்கு இருக்கும் சௌகரியம் அது.

அணிகளுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. 1992 ஏப்ரலில் பெல்கிரேடின் பார்டிசான் கிளப் கூடைப்பந்தில் ஐரோப்பிய கிளப் சாம்பியன் ஆனது. யுத்தம் காரணமாக அந்தப் பருவத்தின் 'உள்ளூர்' ஆட்டங்களை அவர்கள் ஸ்பெயினின் ஃபுவென்லாப்ராதா என்ற ஊரில் ஆட வேண்டியிருந்தது. இஸ்தான்புல் இறுதி ஆட்டத்தில், முடிய விநாடிகளே இருந்தபோது சாஷா ஜோர்ஜெவிச் எறிந்த மூன்று புள்ளிப் பந்து 71-70 என்று கோப்பையை வாங்கித் தந்தது. இத்தனை தெம்போடு இருந்த ஆட்டக்காரர்களுக்கு மூன்று மாதம் கழித்து நடந்த ஒலிம்பிக்கில் இடமில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த விளாடே திவாச்சுக்கும் இல்லை.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. பார்சிலோனா என்றதும் உலகம் நினைப்பது மைக்கேல் ஜோர்டான், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் ஆடிய அமெரிக்காவின் 'ட்ரீம் டீம்' அணியை. அதுவரை அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒலிம்பிக்கில் ஆட அனுமதியில்லை. கதவைத் திறந்துவிட்டவர் போரிஸ்லாவ் ஸ்டான்கோவிச் என்ற செர்பியர். 1925ல் போஸ்னியாவின் பிஹாச்சில் பிறந்தவர். கால்நடை வைத்தியம் படித்துவிட்டு பெல்கிரேடில் இறைச்சி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவர். 1950ல் நடந்த முதல் உலகக் கூடைப்பந்துப் போட்டியில் யூகோஸ்லாவியாவுக்கு ஆடியவர். 1976 முதல் 2002 வரை சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனத்தின் பொதுச் செயலாளர். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் இல்லாமல் ஒலிம்பிக் கூடைப்பந்து என்பது போலித்தனம் என்று விடாமல் வாதாடினார். 1989 ஏப்ரலில் மியூனிக்கில் நடந்த கூட்டத்தில் 56க்கு 13 என்ற ஓட்டில் அவர் கட்சி ஜெயித்தது.

அந்தக் கதவு வழியாக முதல் முறை எல்லோரும் உள்ளே போனபோது, அவர் தேசத்து அணி மட்டும் வெளியே நின்றது. இறுதி ஆட்டத்தில் ட்ரீம் டீமை எதிர்கொண்டது குரோஷியா. 117-85 என்று அமெரிக்கா ஜெயித்தது. 1990ல் ஒரே யூகோஸ்லாவிய அணியில் ஆடி உலகக் கோப்பை வாங்கிய திவாச்சும் குரோஷியாவின் டிராசென் பெட்ரோவிச்சும் அதற்குள் பேச்சுவார்த்தையற்றுப் போயிருந்தார்கள். 1990ல் ப்யூனஸ் அயர்ஸ் வெற்றிக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் கொண்டுவந்த குரோஷியக் கொடியைத் திவாச் பிடுங்கி எறிந்தது அந்த நட்பை முறித்தது. சமாதானம் பேச நேரம் கிடைக்கவில்லை. 1993 ஜூனில் பெட்ரோவிச் ஜெர்மனியில் கார் விபத்தில் இறந்தார். வயது 28.

வாட்டர் போலோவிலும் இதே கதை. 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம், 1986லும் 1991லும் உலகச் சாம்பியன் பட்டம் என்று யூகோஸ்லாவியா அசைக்க முடியாமல் இருந்த காலம். இரண்டு தங்கத்திலும் பங்கு கொண்ட பெல்கிரேடு வீரர் இகோர் மிலனோவிச், பார்சிலோனா குளத்தில் இறங்கவில்லை. தங்கம் இத்தாலிக்குப் போனது.

இதையெல்லாம் செர்பியர்கள் பெரும் அநியாயமாகச் சொல்வார்கள். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு கணக்கு சொல்வார்கள். அதையும் கேட்க வேண்டும்.

1984ல் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திய ஊர் சரயேவோ. பிரிட்டனின் ஜேன் டோர்வில்-கிறிஸ்டபர் டீன் ஜோடி பனித்தரையில் சறுக்கி ஆடி உலகத்தை மயக்கிய ஜெட்ரா அரங்கம் அங்கேதான் இருக்கிறது. 1992ல் அந்த அரங்கம் குண்டு வீச்சில் எரிந்தது. பக்கத்திலிருந்த மைதானம் இடுகாடானது. ட்ரெபெவிச் மலையில் பாப்ஸ்லெட் வண்டிகள் வழுக்கி இறங்கிய கான்கிரீட் பாதை, நகரத்தை நோக்கிச் சுடும் போஸ்னிய செர்பியப் பீரங்கிகளுக்கு மறைவிடமானது. முற்றுகை நான்கு வருடம் நெருங்கும் அளவுக்கு நீண்டது. 1994 பிப்ரவரியில் நார்வேயில் குளிர்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோதே ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் சமராஞ்ச் சரயேவோவுக்குப் போய் அந்த இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த நகரத்திலிருந்தும் பார்சிலோனாவுக்கு வீரர்கள் போனார்கள். மிர்சாதா புரிச் என்ற ஓட்டக்காரி செர்பியப் படைகளால் பிடித்து வைக்கப்பட்டு விடுதலையானவர். ஒளிந்திருந்து சுடுகிறவர்களின் துப்பாக்கிகளுக்கு நடுவே சரயேவோ தெருக்களில் ஓடிப் பழகி, பார்சிலோனாவில் 3,000 மீட்டர் ஓடினார். தன் சுற்றில் கடைசியாக வந்தார். அவர் கையில் போஸ்னியாவின் புதிய கொடி இருந்தது. கொடி கிடைக்காத செர்பிய வீரருக்கு நேர்ந்தது அவமானம். கொடி கிடைத்த போஸ்னிய வீராங்கனைக்கு நேர்ந்தது அவமானத்தோடு முடிகிற விஷயமல்ல. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரம் முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதை வைத்துப் பார்த்தால், ஒரு கூடைப்பந்து அணி ஊரில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி எவ்வளவு புலம்பலாம் என்பது புரியும்.

ஆனால் கேள்வி அதோடு தீரவில்லை. பீரங்கிக்கு உத்தரவு கொடுத்தவர்கள் யாரும் கூடைப்பந்து ஆடவில்லை. ராதோவான் கராட்சிச்சும் ராட்கோ மிலாடிச்சும் சர்வதேச நீதிமன்றத்தில் தண்டனை பெற இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. ஆட்டக்காரர்களுக்கான தண்டனை மட்டும் சில வாரங்களில் அமலாகியது. தடைகளில் விளையாட்டுத் தடைதான் எளிதானது. கப்பலை மறிக்க வேண்டியதில்லை, எண்ணெய்க் குழாயை மூட வேண்டியதில்லை. ஒரு கடிதம் போதும்.

செர்பியர்களுக்கும் ஒலிம்பிக்குக்குமான உறவு பழையது. 1912ல் ஸ்டாக்ஹோம் போட்டிக்குச் செர்பிய ராஜ்யம் இரண்டே பேரை அனுப்பியது. நூறு மீட்டருக்கு துஷான் மிலோசெவிச். மாரத்தானுக்கு திராகுடின் தோமாஷெவிச். போட்டி முடிந்த சில மாதங்களில் பால்கன் யுத்தம் வெடித்தது. இரண்டு வருடத்தில் உலக யுத்தம் வந்தது. தோமாஷெவிச் 1915ல் போர்க்களத்தில் பட்ட காயத்தால் இறந்தார். செர்பியாவின் பெயர் ஒலிம்பிக் பட்டியலிலிருந்து மறைந்து, மறுபடி வர 96 வருடம் பிடித்தது.

இடைப்பட்ட யூகோஸ்லாவியாவை இந்திய ரசிகர்கள் நன்றாகவே அறிவார்கள். அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு 1961ல் பெல்கிரேடில் நடப்பதற்கு முன்பே இரண்டு நாடுகளும் கால்பந்து மைதானத்தில் சந்தித்துவிட்டன. 1952 ஹெல்சிங்கியில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணியை யூகோஸ்லாவியா 10-1 என்று நொறுக்கியது. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமாயிற்று. 1956 மெல்போர்னில் இந்தியா அரையிறுதி வரை வந்தது. நெவில் டிசோசா முதல் கோலைப் போட்டபோது ஒரு கணம் சரித்திரம் தடுமாறியது. பிறகு யூகோஸ்லாவியா நான்கு கோல் போட்டு நிமிர்ந்தது. அவற்றில் ஒன்று நோவி சாத் நகரத்தின் தோதோர் வெசெலினோவிச் போட்டது. 1960 ரோமில் அவர்கள் தங்கமே வாங்கினார்கள். அரையிறுதியில் இத்தாலியோடு டிரா ஆகி, சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இறுதிக்குப் போனவர்கள், டென்மார்க்கை 3-1 என்று தோற்கடித்தார்கள்.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது. 1945ல் தொடங்கிய ரெட் ஸ்டார், பார்டிசான் ஆகிய பெல்கிரேடு கிளப்புகள் கால்பந்தோடு நிற்கவில்லை. கூடைப்பந்து, வாட்டர் போலோ, கைப்பந்து என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு வைத்தன. ஸ்டான்கோவிச், அலெக்சாண்டர் நிகோலிச், நெபோய்ஷா போபோவிச், ராதோமிர் ஷாபர் என்ற நால்வர் கூடைப்பந்தைப் பள்ளிக்கூடப் பாடம் போலச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆட்டக்காரர்களைப் போலவே பயிற்சியாளர்களையும் தயாரித்தார்கள். தேசம் உடைந்தபோது கொடியும் ரயில் பாதையும் பங்கு பிரிக்கப்பட்டன. ஆட்டம் சொல்லிக் கொடுக்கும் முறையைப் பங்கு பிரிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாப் பங்காளிகளும் முழுசாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1996 அட்லாண்டாவில் தடை நீங்கித் திரும்பிவந்தார்கள். அலெக்சாண்ட்ரா இவோஷெவ் 50 மீட்டர் ரைபிளில் தங்கம் வாங்கினார். திவாச்சும் ஜோர்ஜெவிச்சும் ஆடிய கூடைப்பந்து அணி இறுதி வரை வந்து, நான்கு வருடம் தாமதமாக அமெரிக்காவைச் சந்தித்து, வெள்ளியோடு திரும்பியது.

2000 சிட்னி இன்னும் விசேஷமானது. ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் 24ந் தேதி, யூகோஸ்லாவியாவில் ஜனாதிபதித் தேர்தல். ஸ்லோபோதான் மிலோசெவிச் தோற்றார். தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்தார். அக்டோபர் 1ந் தேதி சிட்னியில் நிகோலா, விளாதிமிர் என்ற கிர்பிச் சகோதரர்கள் ஆடிய வாலிபால் அணி ரஷ்யாவை 3-0 என்று வென்று தங்கம் வாங்கியது. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 5ந் தேதி, பெல்கிரேடில் ஜனங்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். மிலோசெவிச் ஆட்சி முடிந்தது. ஒரே வாரத்தில் ஒரு தங்கமும் ஒரு விடுதலையும்.

2006ல் மாண்டினீக்ரோவும் பிரிந்தது. 2008 பெய்ஜிங்கில் செர்பியா என்ற பெயர் மறுபடி அணிவகுப்பில் வந்தபோது கொடி பிடித்தவர் யாஸ்னா ஷெகாரிச். அதைவிடப் பொருத்தமான கை கிடைத்திருக்காது.

அந்தப் போட்டியில்தான் மிலோராத் சாவிச் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் தோற்றார். அமெரிக்காவில் பிறந்து செர்பியாவுக்கு நீந்தியவர். 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் பாதித் தூரத்தில் சாவிச் முன்னால், மைக்கேல் பெல்ப்ஸ் ஏழாவது இடத்தில். கடைசியில் சாவிச் கையை நீட்டி மிதந்து வந்தார். பெல்ப்ஸ் ஓர் அரைவீச்சு கூடுதலாக வீசிப் பலகையை அடித்தார். 50.58, 50.59. செர்பியா புகார் கொடுத்தது. படங்களை அலசிப் பார்த்து நடுவர்கள் நிராகரித்தார்கள். அதே சாவிச், அந்த வருடம் மார்ச்சில் ஐரோப்பிய நீச்சல் போட்டியில் 'கொசோவோ செர்பியாவே' என்று எழுதிய சட்டையோடு பதக்க மேடை ஏறியதற்காகப் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். கொசோவோ சுதந்திரப் பிரகடனம் செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தேசத்தின் பேரில் தண்டிக்கப்படுவது அநியாயம் என்று சொல்லும் வீரர், தேசத்தின் அரசியலைத் தானே சட்டையில் எழுதிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

நோவாக் ஜோகோவிச்சுக்கும் உண்டு. 1999ல் நேட்டோ விமானங்கள் 78 நாள் குண்டு வீசியபோது பெல்கிரேடில் பன்னிரண்டாவது பிறந்தநாள் கண்ட பையன் அவர். 2008ல் ஒலிம்பிக் வெண்கலம். 2012ல் நான்காவது இடம். 2016ல் முதல் சுற்றிலேயே தோல்வி. டோக்கியோவில் மறுபடி நான்காவது இடம். கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் 24 சேர்ந்துவிட்ட பிறகும் ஒலிம்பிக் தங்கம் மட்டும் கைக்கு எட்டவில்லை. 2023ல் பாரிஸ் பிரெஞ்சு ஓப்பனில் 'கொசோவோ செர்பியாவின் இதயம்' என்று காமிரா கண்ணாடியில் எழுதிச் சர்ச்சையில் மாட்டினார். 2024 ஆகஸ்ட் 4ந் தேதி, அதே ரோலண்ட் கேரோஸ் மைதானத்தில், முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், தன்னைவிடப் பதினாறு வயது இளையவரான கார்லோஸ் அல்கராஸை இரண்டு டை-பிரேக்கரில் வென்றார். 37 வயதில் குழந்தை போல அழுதார். கொசோவோவின் கதையும் தனியே நடந்துகொண்டிருந்தது. செர்பியாவின் எதிர்ப்பை மீறி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட அந்த நாட்டுக்கு, 2016 ரியோவில் ஜூடோ வீராங்கனை மைலிண்டா கெல்மெண்டி முதல் ஒலிம்பிக்கிலேயே தங்கம் வாங்கிக் கொடுத்திருந்தார்.

செர்பியாவின் ஜனத்தொகை 2022 கணக்கெடுப்பில் 66 லட்சம். டெல்லி ஜனங்களில் பாதிகூட இல்லை. 2012 லண்டனில் டேக்வாண்டோவில் மிலிட்சா மாண்டிச் தனி நாடான செர்பியாவுக்கு முதல் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் இன்னொன்று. 1988ல் சியோலில் ஏர் ரைபிள் தங்கம் வென்ற கோரான் மக்சிமோவிச்சின் மகள் இவானா, லண்டனில் ரைபிளில் வெள்ளி வாங்கினார். வாட்டர் போலோவில் 2016, 2020, 2024 மூன்றிலும் தங்கம். தடைக்காலத்தில் ஒலிம்பிக்கை இழந்த விளாடே திவாச் 2009 முதல் 2017 வரை செர்பிய ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்தார். வாட்டர் போலோ நட்சத்திரம் அலெக்சாண்டர் ஷாபிச் 2022ல் பெல்கிரேடின் மேயரானார்.

1992ன் சூத்திரம் மறைந்துவிடவில்லை. உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யாவுக்கும் உடந்தையாக நின்ற பெலாரஸுக்கும் 2024 பாரிஸில் அதே விதிதான்: தனி நபர் வரலாம், அணி வரக் கூடாது, கொடி கூடாது. சூத்திரம் சரியா என்று வாதாடிக்கொண்டிருந்தவர்கள் களைத்துப் போனார்கள், சூத்திரம் களைக்கவில்லை. அதைவிட நல்ல ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதே அதன் பலம்.

இது தூரத்து தேசங்களின் கதை என்று இந்தியர்கள் ஒதுங்கிவிட முடியாது. 2014 பிப்ரவரியில் ரஷ்யாவின் சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியபோது சிவ கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால் ஆகிய மூன்று இந்தியர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல் அணிவகுத்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் 'சுதந்திர ஒலிம்பிக் பங்கேற்பாளர்கள்'. பார்சிலோனாவில் செர்பியர்களுக்குச் சூட்டிய அதே பெயர். இங்கே யுத்தம் இல்லை, முற்றுகை இல்லை. இந்திய ஒலிம்பிக் சங்கம் ஊழல் வழக்கில் சிக்கியவர்களைப் பதவிக்குத் தேர்ந்தெடுத்துச் சர்வதேசக் கமிட்டியால் சஸ்பெண்ட் ஆகியிருந்தது, அவ்வளவுதான். பிப்ரவரி 11ந் தேதி சஸ்பென்ஷன் நீங்குவதற்குள் கேசவன் தன் லூஜ் போட்டியை முடித்துவிட்டிருந்தார். நாற்காலிக்காரர்கள் செய்த காரியத்துக்குக் கொடியை இழந்தது பனிப்பாதையில் மல்லாந்து படுத்து இறங்கியவர்.

பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கிப் போட்டிகள் ஷாட்டோரூ என்ற ஊரில் நடந்தன. 2024 ஜூலை 30ந் தேதி அங்கே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையர் போட்டி. மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் தென் கொரியாவை வென்று வெண்கலம் வாங்கினார்கள். இந்தியா முழுவதும் அதைக் கொண்டாடியது. தங்கத்துக்கான ஆட்டத்தில், ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்டு உலகப் புகழ் பெற்ற துருக்கியின் யூசுப் திகெச் ஜோடியை 16-14 என்று வென்றவர்கள் சொரானா அருனோவிச், டாமிர் மிகெச். அருனோவிச் பெல்கிரேடுக்காரர். மிகெச் 1984ல் பிறந்தது இன்றைய குரோஷியாவின் ஸ்பிளிட் நகரில். அவர் பிறந்தபோது அது யூகோஸ்லாவியா.

மூன்று கொடிகள் மேலே ஏறின. இந்தியர்களின் கண் மூன்றாவது கொடியில் இருந்தது; அது இயற்கை. முதல் கொடி அந்தக் கம்பத்துக்கு வந்து சேர எத்தனை பெயர்களை உதறிவிட்டு வந்தது என்று கணக்குப் பார்த்தவர்கள் சிலரே இருந்திருப்பார்கள். ஒலித்தது செர்பியாவின் கீதம். அதற்கு வார்த்தைகள் தெரிந்த இருவரும் கூடவே பாடலாம். 1992ல் ஷெகாரிச்சுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அன்று அவர் தங்கமே வாங்கியிருந்தாலும் ஒலித்திருப்பது யாருக்கும் சொந்தமில்லாத பாட்டு.